பூங்குருவியின் வால் நிறம்

நவம்பர் 18, செவ்வாய்

ட்சுகுமிப் பறவைகள் வந்துவிட்டன. ஆற்றங்கரைக் காகிப் பழமரங்களில் பதினொன்று, கீழே புல்லில் மூன்று. காலை ஏழு இருபது முதல் எட்டு ஐந்து வரை. போன ஆண்டைவிட நான்கு நாள் தாமதம்.

குளிர்காலம் தவறாமல் இந்தப் பள்ளத்தாக்குக்கு வரும் இந்தப் பூங்குருவியை யாரும் நின்று பார்ப்பதில்லை. காக்கையைப் போல அதுவும் இருக்கிறது, அவ்வளவுதான். நான் முப்பத்தோரு ஆண்டாக எண்ணுகிறேன். புல்லில் நான்கு எட்டு ஓடும், நெஞ்சை நிமிர்த்தி அசையாமல் நிற்கும், மறுபடி நான்கு எட்டு. 'தருமா விழுந்தார்' விளையாட்டில் பிடிப்பவன் திரும்பிப் பார்த்ததும் பிள்ளைகள் உறைந்து நிற்பார்களே, அதே மாதிரி.

பதினேழு மரங்களிலும் சிவப்பு நாடா கட்டிவிட்டார்கள். கரையை உயர்த்தப் போகிறார்களாம், பிப்ரவரியில் வெட்டு. நாடா முடிச்சுகள் மரத்துக்கு மரம் வெவ்வேறு உயரத்தில். வெட்டுவதானாலும் ஒழுங்காகக் கட்டக் கூடாதா?

சமையலறைத் துணிகளை இரண்டாம் முறை கொதிக்க வைத்தேன். புதிய சலவைத் தூள் உதவாது. தேநீர்க் கறை போகவே இல்லை.

நவம்பர் 22, சனி

பறவைக் குழு மொத்தமும் கரையில், தக்காளி போலச் சிவந்த காகிப் பழம் பறித்தோம். மொத்தம் என்றால் ஒன்பது பேர். தோல் சீவிக் கயிற்றில் கோத்து, மினேகிஷி டோயோகோவின் காய்கறிக் கடைக் கூரையடியில் தொங்கவிட்டாயிற்று. அவள்தான் குழுத் தலைவி. குரலைத் தாழ்த்தத் தெரியாதவள். அந்த மரங்கள் அவளுடைய அப்பா பெருவெள்ளத்துக்குப் பிறகு நட்டவை. கரை கரையாமல் இருக்கட்டும் என்று நட்டவை.

உச்சியில் ஒரு பழத்தைப் பறிக்காமல் விடுவது வழக்கம். மரத்துக்குக் காவல், பறவைக்கு உணவு. இந்த முறை டோயோகோ ஏணியில் நின்றுகொண்டு, "ஒண்ணு இல்ல, மரத்துக்குப் பத்து விடுங்க! கடைசி வருஷம்!" என்று கத்தினாள். தலை நிமிராமல், மரத்துக்குப் பத்து என்று எண்ணி விட்டோம்.

குராமோச்சி மட்டும் எப்போதும்போல. நாற்பது ஆண்டு ரயில் ஓட்டியவர். ஓய்வு பெற்றும் பழக்கம் விடவில்லை. ஒவ்வொரு பறவையையும் விரல் நீட்டிக் காட்டி, சிக்னல் பார்ப்பதுபோல உரக்கச் சொல்கிறார்: "புருவம், வெளிர், சரி! மார்பு, கறுப்புச் செதில், சரி!" பாதிப் பறவை அந்தச் சத்தத்திலேயே பறந்துவிடும். நாகரிகமான மனிதர் செய்கிற காரியமா?

நவம்பர் 27, வியாழன்

நிதானமாக எழுதுகிறேன்.

பிற்பகல் மூன்று நாற்பது. மேற்கு மலைக்குச் சூரியன் இறங்கும் நேரம். கடைசி மரத்தின் உச்சியில் பழத்தைக் கொத்திக்கொண்டிருந்தது ஒன்று. மார்பில் கறுப்புச் செதில் இல்லை. செங்கல் நிறம்! தொலைநோக்கியை இறக்கித் துடைத்து மறுபடி பார்த்தேன். செங்கல் நிறமேதான். பிறகு ஆற்றைத் தாண்டிப் பறந்துபோனது.

செம்மார்புப் பூங்குருவி. ட்சுகுமியின் நெருங்கிய உறவு, ஆனால் இந்தப் பக்கம் வருவது அரிது. எங்கள் குழு ஏடுகளில் பன்னிரண்டு ஆண்டாக ஒன்றுகூட இல்லை.

வீட்டுக்கு வந்து படிவம் நிரப்பினேன். புருவம்: வெளிர். மார்பு: செங்கல் சிவப்பு. இறக்கை: செம்பழுப்பு. வால் நிறம்: செம்பழுப்பு. தொலைவு: முப்பது காலடி. ஒரு கட்டமும் காலியில்லை. கன்னியர் மடப் பள்ளியில் ஆறு ஆண்டு படித்தும் நான் ஞானஸ்நானம் பெறவில்லை, பழக்கங்களைப் பெற்றுக்கொண்டேன். காலியாக விட்ட கட்டத்தை மதர் க்ளோதில்ட் சிவப்பு மையால் வட்டமிட்டு, வகுப்பு முழுவதும் பார்க்கத் தூக்கிக் காட்டுவார். என் தாளை அவர் ஒருமுறைகூடத் தூக்கிக் காட்ட நேர்ந்ததில்லை.

டிசம்பர் 3, புதன்

நகர அலுவலகத்திலிருந்து ஹதா வந்தான். ஆற்றுப் பணிப் பிரிவு, முப்பது வயதிருக்கும், பேசும்போது காது சிவக்கிறது. என் படிவத்தைக் கண்ணாடி உறைக்குள் போட்டு வைத்திருந்தான். ஊரெங்கும் இருக்கிற பறவை என்றால் அவர்கள் கை கட்டப்படாதாம். அரியது ஒன்று பதிவானால், வெட்டுவதற்கு முன் ஒரு குளிர்காலம் முழுக்கக் கணக்கெடுக்க வேண்டுமாம்.

"அதாவது இந்த பிப்ரவரியில வெட்ட முடியாது. ஜனவரி இருபத்துமூணு கூட்டத்துல நிஷிவாகி சான் வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னான்.

டோயோகோ என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஓரியே சான், நீங்க மருந்துக்கடையில மருந்து எடை போடறப்போ தராசு முள்ளைக்கூட மூச்சு அடக்கிப் பார்ப்பீங்கன்னு ஊருக்கே தெரியும். நீங்க சொன்னா யாரு மறுக்கப் போறாங்க?"

அவள் முழங்கையில் முள்ளங்கி மண். கைகழுவாமல் வந்திருக்கிறாள். ஆனாலும் நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

டிசம்பர் 6, சனி

குராமோச்சி கரையில் எனக்காகக் காத்து நின்றார்.

"நிஷிவாகி அம்மா, அதோட வாலைப் பார்த்தீங்களா?"

"படிவத்துல எழுதியிருக்கே."

"எழுதியிருக்கு. படிச்சேன். பார்த்தீங்களான்னு கேட்டேன்."

"என் வார்த்தையைச் சந்தேகப்படறீங்களா?"

"ஐயோ, இல்லம்மா. மார்பு மட்டும் சிவந்திருந்தா வெயில் பண்ற வேலையா இருக்கலாம். வாலும் சிவந்திருந்தா நிச்சயம் அதுதான். அதான் கேட்டேன்." பிறகு, கேட்காமலே, "நானும் பத்து நாளா சுத்தறேன், என் கண்ணுல படல" என்றார்.

மரியாதை கெட்ட மனிதர். எழுபத்தொன்பது வயதில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. விடைபெறும்போது நான் தலை தாழ்த்தவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

வாலைப் பார்த்தேனா?

டிசம்பர் 12, வெள்ளி

ட்சுகுமி பத்தொன்பது. அது இல்லை.

டிசம்பர் 15, திங்கள்

ட்சுகுமி இருபத்துநான்கு. மாலை மூன்று மணிக்கு மேல் இரண்டு சிவப்பாகத் தெரிந்தன. மனம் துள்ளியது. இரண்டா? ஒன்று வந்தாலே அதிசயம், இரண்டு எப்படி? நாளைக் காலை அதே மரத்தில் அதே இடத்தில் இரண்டு சாதாரண ட்சுகுமி என்றால் — இல்லை. பதிவு செய்யவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

வாலுக்குத் திரும்பித் திரும்பி வருகிறேன். கண்ணை மூடினால் மார்பு தெரிகிறது. பழம் தெரிகிறது. அலகில் ஒட்டிய தோல்கூடத் தெரிகிறது. வால் இருக்க வேண்டிய இடத்தில் கிளை இருக்கிறது. கிளை மறைத்ததா? மறைத்தது என்றால் நான் எழுதிய 'செம்பழுப்பு' எங்கிருந்து வந்தது?

டிசம்பர் 21, ஞாயிறு

டோயோகோ கடையில் மூன்று ஆண்கள். பறவைக் குழுவைப் பார்த்தாலே சிரிக்கிற ஆட்கள், இன்று என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். அவள் கடை வாசலில் என் படிவத்தின் நகலைப் பெரிதாக்கி ஒட்டியிருக்கிறாள். என் கையெழுத்து, ஒரு சாண் உயரத்தில். வால் நிறம்: செம்பழுப்பு.

"என்ன, முகம் வெளுத்திருக்கு?" என்றாள்.

"முள்ளங்கி ஏன் இப்படி மஞ்சளா இருக்கு? பழசா?"

"இன்னிக்குக் காலையில பிடுங்கினது! பனி மாதிரி இருக்கு! வயசானா வாயும் கண்ணும் ஒண்ணாக் கெட்டுப்போகும்போல" என்று எல்லாரும் கேட்கச் சிரித்தாள். அந்த மூன்று ஆண்களும் சிரித்தார்கள்.

வாங்காமல் வந்துவிட்டேன்.

ஜனவரி 3, சனி

மகள் ஃபுமி புத்தாண்டுக்கு வந்திருக்கிறாள். இரவல் வாங்கிய வாயாடித்தனம். என் வழியில் யாருக்கும் இல்லை.

காலையில் அடுப்பருகே நின்று, "அம்மா, இந்தத் துணியை எதுக்கு மறுபடி கொதிக்க வைக்கற?"

"கறை போகல."

"எந்தக் கறை?"

"உனக்குக் கண்ணில்லையா? தேநீர் நிறத்துல இருக்கே."

அவள் துணியைச் சன்னலருகே கொண்டுபோய் விரித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அம்மா... இது வெள்ளையா இருக்கு. நூல் நூலாப் போயிடுச்சு, நீ கொதிக்க வைச்சு வைச்சு. ஆனா வெள்ளையா இருக்கு."

பதினான்காம் தேதிக்கு மருத்துவமனையில் நேரம் வாங்கிவிட்டாள். கண்புரை. முதலில் வலது கண். இரண்டு ஆண்டாக மருத்துவர் சொல்லிக்கொண்டிருந்ததுதான். இவளிடம் நான் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது பயம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். எதற்குப் பயம் என்று தெரிந்திருக்காது.

ஜனவரி 15, வியாழன்

கட்டைப் பிரித்தார்கள்.

துணிகள் வெள்ளை. நீலம் கலந்த வெள்ளை, பனிக்கட்டி போல. சுவர் வெள்ளை. என் தலைமயிர் வெள்ளை. இத்தனை நாள் யானைத் தந்த நிறம் என்று நினைத்திருந்தேன். கண்ணாடியில் இருந்த கிழவிக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தால் அறை முழுக்கத் தேநீர் ஊற்றியதுபோல இருக்கிறது. எல்லாமே பழுப்பு. எல்லாமே —

ஜனவரி 17, சனி

ஒரு வாரம் காற்றில் போகக்கூடாது என்றார் மருத்துவர். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனேன். அதே நேரம், அதே கடைசி மரம், அதே முப்பது காலடி. எண்ணி நின்றேன்.

மூன்று முப்பத்தைந்துக்கு ஒன்று வந்து உட்கார்ந்தது. இடது கண்: செங்கல் நிற மார்பு. அன்று கண்டது அப்படியே. வலது கண்: கறுப்புச் செதில்கள், ஒவ்வொன்றும் மையால் வரைந்ததுபோல. ட்சுகுமி. சாதாரண ட்சுகுமி. மறுபடி இடது: சிவப்பு. வலது: கறுப்பு. பைத்தியக்காரிபோல நின்று கண்ணை மாற்றி மாற்றி மூடினேன். பறவை என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

கண் செய்த தவறு மார்போடு முடிந்துபோகிறது. வாலுக்குக் கண் பொறுப்பில்லை. இன்றும் அந்தக் கிளை வாலை மறைத்தது. அன்றும் மறைத்தது. மார்பு சிவப்பானால் வாலும் சிவப்பு என்று புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்திலிருந்து எழுதினேன். கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று எழுதினேன்.

பொய் எழுதியிருக்கேன். நான். அதையும் ஒரு சாண் உயரத்துல ஒட்டி வெச்சிருக்காங்க.

ஜனவரி 18, ஞாயிறு

முப்பத்தோரு ஏடுகளையும் தரையில் பரப்பினேன். வால் நிறம், வால் நிறம், வால் நிறம். மூடுபனி நாளிலும் நிரப்பியிருக்கிறேன். பறவை எதிரே முகம் காட்டி நின்ற நாளிலும் நிரப்பியிருக்கிறேன். ஒரு காலிக் கட்டம்கூட இல்லை. இதைத்தான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 19, திங்கள்

டோயோகோவிடம் போய்ச் சொன்னேன். கடையை மூடிவிட்டு உள்ளே உட்கார வைத்தாள். முழுக்கக் கேட்டாள், அவள் குறுக்கே பேசாமல் கேட்டது இதுவே முதல் தடவை.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு."

"உங்க பொண்ணு?"

"துணி விஷயம் மட்டும்தான் தெரியும்."

"அப்போ வாயை மூடிக்கிட்டு இருங்க! நாலே நாள்! நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், தலையை ஆட்டினா போதும். கண்ணு பண்ண தப்புக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"வாலைக் கண்ணு எழுதல டோயோகோ சான். கை எழுதுச்சு."

"வால்! வால்! ஒரு சாண் வாலுக்காக எங்க அப்பா நட்ட பதினேழு மரத்தை வெட்டிப் போடணுமா? அந்த மனுஷன் தண்ணி வடிஞ்ச மறுவாரமே, வீடு கூட இல்லாம, சேத்துல முட்டிக்கால் போட்டு நட்டது!" அழுதாள். அழும்போதும் சத்தமாகத்தான். "உங்க தாளு சுத்தமா இருக்கணும், அதுதான் உங்களுக்கு முக்கியம். எப்பவும் அதுதான்."

அவள் சொன்னது உண்மையா? தாள் சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதான் பொய் எழுதினேன். இப்போது உண்மை சொல்லப் போவதும் அதற்காகத்தானா? தெரியவில்லை. தலையை ஆட்டினால் போதும் என்கிறாள். மரம் நிற்கும். பறவை வரும். ஒருவருக்கும் நஷ்டமில்லை. மண்டை வெடிக்கிறது. யாராவது வந்து 'சும்மா இரு' என்று ஒரு வார்த்தை சொன்னால் சும்மா இருந்துவிடுவேன். அவள் சொல்லிவிட்டாளே, அதற்கும் சும்மா இருக்க முடியவில்லை.

ஜனவரி 22, வியாழன்

கறுப்புக் கிமோனோவை எடுத்து வெயிலில் போட்டேன். கணவர் இறந்தபோது கட்டியது. திருப்பி மடித்து வைத்துவிட்டேன். சாம்பல் நிறப் பாவாடையும் சட்டையும் போதும்.

ஜனவரி 23, வெள்ளி

பொதுக்கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். எனக்கு முன்வரிசையில், தரையில் உட்காரத் தனியாக ஒரு சிறு மெத்தை.

ஹதா என் படிவத்தைத் திரையில் காட்டினான். "இதை உறுதி செய்யறீங்களா, நிஷிவாகி சான்?"

எழுந்தேன். டோயோகோ மூன்றாம் வரிசையில், தரையைப் பார்த்துக்கொண்டு.

"இல்லை" என்றேன். "நான் பார்த்தது சாதாரண ட்சுகுமி. கண்புரையால மார்பு சிவப்பாத் தெரிஞ்சது. அது தவறு. வாலை நான் பார்க்கவே இல்லை. பார்த்ததா எழுதினேன். அது தவறு இல்லை, பொய். பதிவைத் திரும்பப் பெறுகிறேன்."

ஹதாவின் காது சிவந்தது. "அப்போ... மன்னிக்கணும்... அந்த முப்பத்தோரு வருஷக் கணக்கெல்லாம்? எதை நம்பறது?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். தெரிந்தும் தயாராக இல்லை.

"எண்ணிக்கையை நம்பலாம். எண்ணினேன். வால் நிறக் கட்டத்தை முழுக்க அடிச்சுடுங்க. எல்லா வருஷமும்."

உட்கார்ந்தேன். பின்வரிசையில் யாரோ 'அடப்பாவமே' என்றார்கள். டோயோகோ எழுந்து வெளியே போனாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். சத்தமாகச் சாத்தியிருக்கலாம்.

பிறகு வாசலில் செருப்பு அலமாரியருகே குராமோச்சி. என் காலணிகளை எடுத்து, நான் போட்டுக்கொள்ள வசதியாக வெளிப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். "சந்தோஷமா இருக்கீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் தொப்பியைக் கையில் சுழற்றினார். "இருபத்தாறு வயசுல ஒரு நாள், மலைச் சுரங்கம் தாண்டினதும், சிக்னலைப் பார்க்காமலே விரலை நீட்டி 'பச்சை, சரி'ன்னு சொன்னேன். தூக்கக் கலக்கம். பச்சையாத்தான் இருந்துச்சு, ஒண்ணும் ஆகல. முந்நூறு பேர் பின்னாடி உக்காந்திருந்தாங்க. இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. என் பொண்டாட்டிகிட்டகூட." தொப்பியைப் போட்டுக்கொண்டு, "அதனால பறவைக் குழுவுல போய்ப் பரப்பிடாதீங்க அம்மா" என்றார்.

தலை தாழ்த்தினேன். முறைப்படி, இடுப்பிலிருந்து. டிசம்பர் ஆறாம் தேதிக்கும் சேர்த்து.

பிப்ரவரி 9, திங்கள்

இன்று வெட்டத் தொடங்கினார்கள். டோயோகோ விடியற்காலையே வந்து ஒவ்வொரு வேருக்கும் சாகே மது ஊற்றினாளாம். நான் பத்து மணிக்குத்தான் போனேன். அவள் இல்லை. ஈரம் மட்டும் இருந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

பதினேழும்.

பிப்ரவரி 18, புதன்

இடது கண்ணும் முடிந்தது. ஃபுமி வந்து இரண்டு நாள் இருந்தாள். நைந்த துணிகளையெல்லாம் எறிந்துவிட்டுப் புதிது வாங்கி வைத்திருக்கிறாள். வரும் வழியில் டோயோகோ கடையில் காய்கறியும் வாங்கினாளாம். "ஏதாவது சொன்னாங்களா?" "விலை சொன்னாங்க."

மார்ச் 12, வியாழன்

காலை ஏழு முதல் ஏழு ஐம்பது வரை. கரையில் புதிய மண், வரிசையாகப் பதினேழு அடிக்கட்டைகள். மரமில்லாததால் ட்சுகுமி எல்லாம் தரையிலேயே இருந்தன. வடக்கே கிளம்புவதற்கு முன் கூடுகிற கூட்டம். மண்ணில் நான்கு எட்டு ஓடி, நெஞ்சை நிமிர்த்தி நின்று, மறுபடி நான்கு எட்டு.

சுற்றிலும் ஆளில்லை என்று நினைத்து விரலை நீட்டினேன். "புருவம், வெளிர், சரி" என்றேன். முதலில் மெதுவாக. பிறகு குராமோச்சி அளவுக்கு இல்லாவிட்டாலும் கேட்கும்படி. "மார்பு, கறுப்புச் செதில், சரி."

"இப்படிக் கத்தினா ஒண்ணுகூட நிக்காது."

டோயோகோ. காய்கறி வண்டியை மேலே சாலையில் நிறுத்திவிட்டு இறங்கி வந்திருந்தாள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு. என்னைப் பார்க்காமல் பறவைகளைப் பார்த்து நின்றாள். என் கையிலிருந்த பலகையையும் பென்சிலையும் வாங்கிக்கொண்டாள், கேட்கவில்லை, வாங்கிக்கொண்டாள்.

"சொல்லுங்க, எழுதறேன். எத்தனை?"

"முப்பத்தாறு."

"மார்பு?"

"கறுப்புச் செதில்."

"இறக்கை?"

"செம்பழுப்பு. நல்லாத் தெரிஞ்சுது."

"வால்?"

எதிரே நின்றவை அத்தனையும் எங்களுக்கு முகம் காட்டி நின்றன. காத்திருந்தோம். ஒன்றும் திரும்பவில்லை. பிறகு கூட்டம் மொத்தமாக எழுந்து, சூரியனுக்கு நேராக, ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது.

"பார்க்கலை."

"அப்போ என்ன எழுதட்டும்?"

"ஒண்ணும் எழுதாதீங்க. அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுடுங்க."

அவள் பென்சிலைத் தாளிலிருந்து எடுத்தாள். பிறகு பலகையை என்னிடம் கொடுத்தாள்.

ட்சுகுமி 36. வால் நிறம்: